எட்டியப்பனுக்கு இரண்டு வாரிசுகள்

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பதினெட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் ஒரு தூறல் விழுந்து, பாத்திகளில் விளைந்து கிடந்த உப்பை மேலாகக் கரைத்துவிட்டு, தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோலக் கடல் பக்கமாக ஒதுங்கிக்கொண்டது. எட்டு மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. உப்பளத்தார் அனைவரும் வானத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அவ்வேளையில், மரக்காணத்தில் ஒரே ஒருவர் மட்டும் வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் பச்சமுத்து. உப்பு மூட்டைகளை லாரியில் ஏற்றும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர். முழங்கால்கள் ஒத்துழைக்க மறுத்த பிறகு வேலையை விட்டவர். அறுபதைத் தாண்டியும் மீசைக்கு மை பூசுவதை விடாதவர்.

"பாண்டிச்சேரியிலேருந்து காலேஜ் பஸ் வருதாம்," என்றார், மனைவி ரேணுகாவிடம்.

"வரட்டும். திட்டு வாங்கிக்கப் போறதுக்கு இஸ்திரி ஒண்ணு கேடா?"

"திட்டு வாங்கப் போவலடி. மறுப்பு சொல்லப் போறேன்."

"மூணு வருசமா மறுத்துக்கினு இருக்கிற. ஒருத்தனாவது நம்பினானா?"

"நம்பலைன்னா இன்னா? எல்லாரும் டீ வாங்கித் தர்றாங்க இல்ல?"

அவர் எதை மறுக்கப் போகிறார் என்பதைச் சொல்வதற்கு, எழுத்தாளர் தணிகாசலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

தணிகாசலம் வெளியூர்க்காரர். இளமையில் ஓர் உப்பள முதலாளியிடம் கணக்கெழுத வந்து, உப்பளங்களின் ஓரத்தில் இருந்த ஒரு சிறிய ஓட்டு வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தார். பிறகு அவ்வீட்டையே விலைக்கு வாங்கி, கடைசிவரை அங்கேயே வாழ்ந்து மறைந்தார். பகலில் கணக்கையும் மாலையில் கதையையும் எழுதினார். அப்படி எழுதிய கதைகளுள் ஒன்றுதான் 'முதல் கூடை' என்னும் நாவல். அது பரிசு பெற்றது, கல்லூரிகளில் பாடமானது, மரக்காணம் என்ற பெயரை உப்போடு மட்டும் அறிந்திருந்தவர்களை இலக்கியத்தோடும் அறியவைத்தது.

அந்நாவலின் வில்லன் எட்டியப்பன் என்னும் உப்பள மேஸ்திரி. இடது தோள் சரிந்தவன். சாவிக்கொத்தை ஆட்டியபடி நடப்பவன். மழையே இல்லாத கோடையிலும் கையில் கறுப்புக் குடையோடு திரிபவன். அவன் செய்த பாதகத்தைப் புரிந்துகொள்ள, இவ்வூர் வழக்கம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்டுதோறும் பாத்தியில் முதன்முதலாக உப்பு வாரும் நாளில், முதல் கூடை உப்பை யாரும் குவியலில் சேர்ப்பதில்லை. வரப்பின் மேல் இருக்கும் அம்மன் கல்லின் முன் அதைக் கொட்டி, மஞ்சள் தூவி, கற்பூரம் ஏற்றிவிட்டு வந்துவிடுவார்கள். அதன் பிறகு அது அம்மனுடைய உப்பு. அதை மழை கரைக்கலாம், மனிதர் தொடக்கூடாது. எட்டியப்பனோ கற்பூரம் அணைந்த சூட்டோடு அந்த உப்பைத் திரும்பவும் கூடையில் வாரி, விற்பனைக் குவியலில் கொட்டிவிடுகிறான். பார்த்துப் பதறிய கூலிக்காரப் பெண்ணிடம் சாவிக்கொத்தை ஆட்டியபடி அவன் கேட்கிறான்: "இவ்ளோ உப்ப வெச்சிக்கினு அம்மன் இன்னா கருவாடா போடப் போறா?"

தமிழ்நாட்டில் நாவலைப் படிக்காதவர்களுக்கும் இந்த வசனம் தெரியும்.

நாவல் வெளிவந்த காலத்தில் மரக்காணத்தில் இடது தோள் சரிந்து, சாவிக்கொத்தை ஆட்டியபடி நடந்த மேஸ்திரி ஒருவர்தான் இருந்தார். அவர் ஆதிமூலம், பச்சமுத்துவின் தந்தை. இரண்டாம் பதிப்பு வருவதற்குள் ஊர் தீர்ப்பெழுதிவிட்டது. பள்ளிக்கூடத்தில் மதிய உணவில் உப்புக் குறைந்தால், "டேய் எட்டியப்பன் மவனே, கொஞ்சம் உப்பு குடுறா, அம்மனோடதா இருந்தாலும் பரவால்ல!" என்று பையன்கள் இலையை நீட்டினார்கள். பச்சமுத்துவின் திருமணப் பந்தியிலேயே, இரும்பை கிராமத்திலிருந்து வந்திருந்த பெண்ணின் தாய்மாமன், இலை ஓரத்து உப்பை விரலால் தொட்டுக்கொண்டு, "இது கடையில வாங்கினதா, கோயில்லேருந்து வந்ததா மாப்ள?" என்று உரக்கக் கேட்டார். பந்தியே புரையேறிச் சிரித்தது.

ஆதிமூலம் மட்டும் இதை ஒரு பொருட்டாகவே கருதவில்லை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புத்தகத்தைப் பற்றி மகன் அழுதுகொண்டே சொன்னபோது, "அதுல என் பேரு போட்டிருக்கானா?" என்று கேட்டார்.

"இல்லப்பா."

"போட்டோ?"

"இல்ல."

"அப்புறம் இன்னாத்துக்குக் கத்தற? போய் மாட்டுக்குத் தண்ணி காட்டு."

அத்துடன் அவர் வரையில் விவகாரம் முடிந்துவிட்டது. மகனின் திருமணத்துக்குப் பிறகு சில ஆண்டுகளில் அவரும் முடிந்துபோனார். தம் வாழ்நாளில் அவர் ஒரு நிழற்படம்கூட எடுத்துக்கொண்டதில்லை.

மூன்றாண்டுகளுக்கு முன்பு எழுத்தாளரின் மகள் அந்த ஓட்டு வீட்டை ஓர் அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுத்தார். அது 'தணிகாசலம் நினைவில்லம்' ஆயிற்று. அவருடைய மூக்குக்கண்ணாடி, சாய்வுப் பலகை, அலுமினிய டிபன் கேரியர், கண்ணாடிப் பேழைக்குள் நாவலின் முதற்பதிப்பு ஆகியவை காட்சிக்கு வைக்கப்பட்டன. கூடத்துச் சுவரில், கருவாட்டு வசனம் கொட்டை எழுத்தில் தீட்டப்பட்டது. திறப்பு விழாவன்று அதைப் பார்த்த பச்சமுத்துவுக்கு ஐம்பது ஆண்டுக் கோபம் ஒன்றாகப் பொங்கியது. அறக்கட்டளையின் செயலாளர் மணிகண்டனைப் பிடித்துக்கொண்டார். மணிகண்டன் பேருந்து நிறுத்தத்தருகே கணினி மையம் வைத்திருப்பவர். யாரிடமும் சண்டை வராமல் வாழ்ந்துவிட வேண்டும் என்ற ஒரே கொள்கை உடையவர்.

"அண்ணே, அது கதைண்ணே."

"கதைதான? அப்படின்னு போர்டு வையி. எட்டியப்பன் வேற, எங்கப்பா ஆதிமூலம் வேறன்னு எழுதி வையி."

"கமிட்டியில பேசறேண்ணே."

கமிட்டியில் பேசப்படும் பொருள்கள் எத்தனை விரைவில் முடிவுக்கு வரும் என்பது உலகறிந்தது. எனவே பச்சமுத்து, பலகை வரும் வரையில் தாமே பலகையாக நிற்பதென்று முடிவுசெய்து, ஞாயிறுதோறும் அச்சுவரின் அடியில் நின்றார். முதலில் வந்தவர்கள் அவரைப் பித்துப் பிடித்தவர் என்று எண்ணினார்கள். அடுத்து வந்தவர்கள், நினைவில்லம் ஏற்பாடு செய்த காட்சி என்று எண்ணினார்கள். ஆறு மாதத்திற்குள், உள்ளே நுழையும்போதே "எட்டியப்பன் பையன் எங்கங்க?" என்று கேட்டுக்கொண்டு வரத் தொடங்கினார்கள். ஞாயிறு போதாமல் எல்லா நாளும் வர வேண்டியதாயிற்று. ஓர் இலக்கிய மன்றம் சால்வைகூடப் போர்த்தியது.

அன்றைக்கும் கல்லூரிப் பேருந்து வந்து நின்றதும், மாணவர்கள் மூக்குக்கண்ணாடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராகச் சுவருக்கு வந்துவிட்டார்கள்.

"நீங்கதானே எட்டியப்பன் பையன்?" என்றான் ஒரு மாணவன், கைப்பேசியை உயர்த்தியபடி.

"இல்ல தம்பி. அத சொல்லத்தான் நிக்கிறேன். மொதல்ல இந்தக் குடை விஷயத்தைப் பாரு. புஸ்தகம் பூரா எட்டியப்பன் கையில குடை இருக்குது. எங்கப்பாகிட்ட ஏது குடை? மழை வந்தா கோணிப்பையை மடிச்சித் தலையில போட்டுக்குவாரு. குடை இல்லாத ஆளு எப்படி எட்டியப்பன் ஆவ முடியும்?"

"அப்போ அந்த டயலாக்?" என்றாள் ஒரு மாணவி.

"அதுவா? இதோ பாரும்மா." பச்சமுத்து இடது தோளைச் சரித்தார். இடுப்பிலிருந்து தம் வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்தார். கண்ணைச் சுருக்கினார். "இப்படித் தோளை எறக்கிக்கினு, இப்படிச் சாவிய ஆட்டிக்கினு, 'இவ்ளோ உப்ப வெச்சிக்கினு அம்மன் இன்னா கருவாடா போடப் போறா'ன்னு... எங்கப்பா கேக்கவே இல்ல!"

கூடம் அதிரக் கைதட்டல் எழுந்தது. "அங்கிள், ஒன்ஸ் மோர்!" என்றது பின்வரிசை. பச்சமுத்து இரண்டாம் முறையும் மறுத்தார்.

கூட்டம் தேநீர்க் கடைப் பக்கம் நகர்ந்த பிறகு, மணிகண்டன் அவரைப் பின்கட்டுக்கு அழைத்தார். அங்கே இலக்கியா நின்றிருந்தாள். 'முதல் கூடை' நாவலை ஆராய்ந்து முனைவர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருக்கும் பெண். ஓராண்டாக வந்து போகிறவள். பச்சமுத்துவின் மறுப்பை நான்கு முறை முழுமையாகப் பதிவுசெய்தவள்.

"ஐயா, உங்களுக்கு ஒரு நல்ல சேதி," என்றாள். "போன வாரம் சென்னையில எழுத்தாளரோட பொண்ணைப் பார்த்தேன். எட்டியப்பன் யாருன்னு அவங்களே சொல்லிட்டாங்க. வானூர்ல சிவஞானம்னு ஒருத்தர் இருந்தாராம். இங்க உப்பளம் வெச்சிருந்த முதலாளி. வாராவாரம் குடையோட வந்து எல்லாரையும் வெரட்டிட்டுப் போவாராம். அவரை மனசுல வெச்சித்தான் அப்பா எழுதினாருன்னாங்க. நீங்க சொன்னது கரெக்ட்டுங்கய்யா. உங்க அப்பா எட்டியப்பன் இல்ல."

பச்சமுத்து கையிலிருந்த சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வர்ற ஞாயித்துக்கெழம போர்டு வெச்சிடறோம்ணே," என்றார் மணிகண்டன். தம் வாழ்வில் ஒரு சண்டை குறையப்போகிற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. "எட்டியப்பன் பாத்திரத்துக்கும் மரக்காணம் ஆதிமூலத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லைன்னு, பெருசா."

அன்று மாலை ரேணுகா கேசரி கிண்டினாள். பச்சமுத்து தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னார். "அப்டியா? சரிப்பா," என்று கேசரியைத் தின்றுவிட்டு எல்லாரும் போனார்கள். ஐம்பது ஆண்டுக் களங்கம் நீங்கியதற்கு இவ்வளவுதானா என்று அவருக்கு லேசாக ஏமாற்றமாக இருந்தது. இருந்தாலும் கேசரி நன்றாக இருந்தது.

உண்மை நிலவரம் செவ்வாய்க்கிழமை தெரிந்தது. சென்னையிலிருந்து ஒரு வாசகர் குழு வேனில் வந்து இறங்கியது. பச்சமுத்து வழக்கம்போலச் சுவரடியில் தோளைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார்.

"இவர்தான் எட்டியப்பன் மகனா?" என்று கேட்டார் குழுத்தலைவர்.

"இல்லைங்க சார்," என்றார் மணிகண்டன், மிகுந்த பொறுப்போடு. "இப்பத்தான் கண்டுபிடிச்சாங்க. இவரு இல்லையாம்."

"ஓ!" என்ற குழுத்தலைவர், தவறான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவரைப்போல மரியாதையாக ஒதுங்கிச் சென்றார். குழுவும் ஒதுங்கிச் சென்றது. ஒருவரும் குடையைப் பற்றிக் கேட்கவில்லை. தேநீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை. கடைசியாக வந்த கண்ணாடிக்காரர் மட்டும் நின்று அவரைப் பார்த்தார். பச்சமுத்துவின் கை தானாகச் சாவிக்கொத்துக்குப் போயிற்று.

"பெரியவரே," என்றார் கண்ணாடிக்காரர், "புதுச் செருப்பு. கொஞ்சம் பார்த்துக்குங்க."

பச்சமுத்து பார்த்துக்கொண்டார். வேன் கிளம்பும் வரையில் வாசலில் நின்று, ஒரு நாயை இரண்டு முறை விரட்டி, அந்தச் செருப்பை முழு விசுவாசத்தோடு காத்தார். வெயிலில் நின்றபடி யோசித்தார். இனி இந்தக் கூடத்தில் ஆதிமூலம் என்ற பெயர் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கும்: இவர் இல்லை என்று சொல்லும் பலகையில்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு வெள்ளைக் கார் வந்தது. அதிலிருந்து கறுப்புக் கண்ணாடி அணிந்த ஒருவரும், அவரை அடுத்து ஒரு பெரிய சட்டமிட்ட படமும், ரோஜா மாலையும் இறங்கின. அவர் பெயர் ஜெயப்பிரகாஷ். வானூரில் வீட்டுமனை விற்பவர், சிவஞானத்தின் பேரர்.

"எங்க தாத்தாதான் சார் எட்டியப்பன்!" என்றார், தேர்தலில் வென்ற செய்தியைச் சொல்பவர்போல. "நேத்துதான் தெரிஞ்சுது. வாட்ஸ்அப்புல வந்துச்சு. இவ்ளோ பெரிய ஃபேமிலின்னு எங்களுக்கே தெரியாம போச்சே! இந்தப் படத்தை எங்க மாட்டறது? நல்லா வெளிச்சமான இடமா காட்டுங்க. ரெண்டு ஃபேன், ஒரு வாட்டர் கூலர் என் செலவு. அடுத்த லேஅவுட்டுக்கு 'எட்டியப்பன் நகர்'னுதான் பேர் வெக்கப் போறேன்."

மணிகண்டன் வெளிச்சமான இடத்தைத் தேடினார். அது பச்சமுத்து நின்றுகொண்டிருந்த இடமாக இருந்தது.

"பெரியவரே, கொஞ்சம் நகருங்க."

"எதுக்கு?"

"எங்க தாத்தா படத்த மாட்டணும். நீங்கதான் இவ்ளோ நாளா எங்க குடும்ப சொத்த அனுபவிச்சிக்கினு இருந்தீங்களாமே."

"இன்னாய்யா சொத்து? நான் இன்னா உன் மனையில கல்லு நட்டேனா?"

"கெட்ட பேரு சார். அது எங்களுது. பரவால்ல, நடந்தது நடந்துபோச்சி. இனிமேட்டு விட்டுருங்க."

பச்சமுத்துவுக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ தெரியாது. "ஏம்பா, ஒண்ணு கேக்கறேன் சொல்லு," என்றார். "உங்க தாத்தா இன்னா? முதலாளி. பாத்தியில வெளையற உப்பெல்லாம் யாருது? அவருது. முதலாளி எதுக்குப்பா தன் உப்பையே திருடணும்? யோசிக்க வேணாம்? திருடறதுன்னா மேஸ்திரிதான் திருடணும்!"

ஓரமாக நின்று எழுதிக்கொண்டிருந்த இலக்கியா நிமிர்ந்தாள்.

"ஐயா, அப்படின்னா உங்க அப்பா திருடினாருன்னு சொல்றீங்களா?"

பச்சமுத்து திடுக்கிட்டார். "அப்படிச் சொல்லலம்மா," என்றார். "திருடியிருந்தா எங்கப்பாதான் திருடியிருக்கணும்னு சொல்றேன். ஆனா அவரு திருடல."

"அப்போ யாருதான் சார் திருடினது?" என்று ஜெயப்பிரகாஷ் பொறுமையிழந்தார். "நீங்களும் எடுத்துக்க மாட்றீங்க, எங்களையும் எடுத்துக்க விட மாட்றீங்க!"

மணிகண்டன் இருவரையும் கையெடுத்துக் கும்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னிலையிலும் பேசிக்கொள்ளலாம் என்று அனுப்பிவைத்தார்.

வீட்டுக்கு வந்த பச்சமுத்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். ரேணுகா தட்டில் சோறும் மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய் வைத்தவர், உப்பு கரிப்பதாக முகத்தைச் சுளித்தார்.

"இன்னா, கருவாடா போடறேன்னு கேளேன்," என்றாள் ரேணுகா. "மாமா இருந்தா அதத்தான் கேட்டிருப்பாரு."

"ஏய், மெதுவா பேசு."

"மெதுவா இன்னா மெதுவா? கல்யாணமாகி நான் மொதமொதல்ல ரசம் வெச்ச அன்னிக்கே, 'கருவாடா போடற பொண்ணே'ன்னாரு. நான் அழுதேன். அதுக்கப்புறம்தான், 'அழாத, அம்மனையே இப்படிக் கேட்டவன் நான்'னு அந்தக் கதைய முழுசா சொல்லி சிரிக்கவெச்சாரு. கூடைய வாரினது, அந்தக் கணக்கெழுதற ஐயா வரப்புல நின்னு பார்த்தது, எல்லாத்தையும். நீதான் வெளியில யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு என் கையில அடிச்சு சத்தியம் வாங்கின."

பச்சமுத்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவருக்குத் தெரியாததா? மகனும் மருமகளும் அறிந்ததை ஊர் ஊகித்தது. ஊர் ஊகித்ததை மகன் மறுத்தார். ஐம்பது ஆண்டுகளாக நடந்தது அவ்வளவுதான்.

"பெத்த அப்பனைத் திருடன்னு நானே எப்படிடி மைக்குல சொல்றது?"

"சொல்லாத. அந்தக் காருக்காரன் தாத்தா படத்த மாட்டிட்டுப் போவட்டும். நீ செருப்பப் பாத்துக்கோ." ரேணுகா எழுந்து தண்ணீர்ச் சொம்பை எடுத்துவந்தாள். வைத்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்: "மூணு வருசமா நீ அங்க போய் தினம் மாமா பேரச் சொன்ன. நல்லதோ கெட்டதோ, பத்து பேரு கேட்டாங்க. இந்த ஊர்ல வேற எவன் அவரு பேரச் சொல்றான், சொல்லு?"

பச்சமுத்து, கரித்த குழம்பையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நினைவில்லத்தின் கூடம் நிறைந்துவிட்டது. பேருந்து வராத நிலையிலும், உள்ளூர்க்காரர்களே, வீட்டருகில் இருந்தும் அதுவரை எட்டிப்பாராதவர்கள், சண்டை நடக்கும் என்ற நம்பிக்கையில் வந்திருந்தார்கள். சுவரில் புதிய பலகை, துணி மூடித் தொங்கியது. அதன் பக்கத்தில் சிவஞானம் மாலையோடு, படத்துக்குள் குடையைப் பிடித்தபடி நின்றிருந்தார். ஜெயப்பிரகாஷ் ஒலிபெருக்கியும் கொண்டுவந்திருந்தார். பச்சமுத்து இஸ்திரி போட்ட சட்டையில், கூட்டத்தின் ஓரத்தில், ரேணுகாவை அடுத்து நின்றார்.

மணிகண்டன் வரவேற்புரை ஆற்றினார். யார் மனமும் புண்படாதவாறு அவர் பேசியதில், என்ன நடக்கப்போகிறது என்பதே யாருக்கும் விளங்கவில்லை. அடுத்து அவர் துணியின் நுனியைப் பிடித்தபோது, ரேணுகாவின் குரல் கேட்டது. அவள் அந்த வீட்டுக்குள் வருவது அதுதான் முதன்முறை. சுவரில் தீட்டியிருந்த வசனத்தை எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்க அவ்வளவு நேரம் பிடித்திருந்தது.

"ஐயே, இது எங்க மாமனாரு பேச்சாச்சே! என் ரசத்தைப் பத்தி சொன்னதப் போயி எதுக்கு இவ்ளோ பெருசா எழுதி வெச்சிருக்கீங்க?"

கூட்டம் திரும்பியது. மணிகண்டன் துணியை விட்டார்.

"இது எங்க தாத்தா சொன்னதும்மா!" என்றார் ஜெயப்பிரகாஷ், ஒலிபெருக்கியில்.

"உங்க தாத்தாவா? அவரு வீட்ல கருவாடு போட்டாங்களா தம்பி?"

"கருவாடா?" ஜெயப்பிரகாஷின் குரலில் உண்மையான அருவருப்பு ஒலித்தது. "என்னாம்மா பேசறீங்க? நாங்க தலைமுறை தலைமுறையா சுத்த சைவம். எங்க தாத்தா தெருவுல கருவாட்டு வண்டி போனாலே ஜன்னலைச் சாத்திடுவாரு. அந்த வார்த்தையே எங்க வீட்ல யாரும் வாயால..."

அவர் நிறுத்திக்கொண்டார். ஆனால் ஒலிபெருக்கி அவர் சொன்னதை உப்பளம் வரையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. கூட்டத்திலிருந்து ஒருவர், "அப்போ நகருக்குப் பேர மாத்துப்பா!" என்றார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"குடை எங்களுதுதான்," என்றார் ஜெயப்பிரகாஷ், ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டு. "எழுத்தாளரோட பொண்ணே சொல்லியிருக்காங்க."

"குடை உங்களுதுதாம்ப்பா," என்றார் பச்சமுத்து பெருந்தன்மையோடு. "எங்கப்பாகிட்ட குடை கெடையாது. அத நான் எப்பவும் சொல்லிக்கினுதான் இருக்கேன்."

இலக்கியா முன்னால் வந்தாள். ஆராய்ச்சியாளர்களுக்கே உரிய பிடிவாதம் அவள் முகத்தில் இருந்தது. "மணிகண்டன் சார், போர்டை இப்போ திறக்க வேணாம். ஐயாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு எழுதிக்கலாம்," என்றாள். பச்சமுத்துவின் பக்கம் திரும்பினாள். "ஐயா, நாலு தடவை உங்ககிட்ட பேசியிருக்கேன். நாலு தடவையும் குடை, கோணிப்பை, தோளுன்னு சுத்திச் சுத்திச் சொன்னீங்க. இதை நேரா நான் கேக்கவும் இல்ல, நீங்க சொல்லவும் இல்ல. இப்போ கேக்கறேன். அம்மன் முன்னாடி கொட்டின அந்த முதல் கூடை உப்பை உங்க அப்பா எடுத்தாரா, எடுக்கலையா?"

பள்ளியில் இலையை நீட்டிய பழைய பையன்கள் இரண்டு பேர், இப்போது தலை நரைத்து, முன்வரிசையில் இருந்தார்கள். பச்சமுத்து அவர்களைப் பார்த்தார். சிவஞானத்தின் படத்தைப் பார்த்தார். அதன் பக்கத்தில் இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருந்தது. ரேணுகா அவர் முழங்கையை லேசாக இடித்தாள். அவருடைய இடது தோள், அவர் அறியாமலேயே, மெல்லச் சரிந்தது.

"எடுத்தாரும்மா," என்றார்.